மேடிசன் பாப்காக் ஹால் ஐஸ்க்ரீம் கடை: போனா ஆரஞ்சு கஸ்டர்ட் கேளுங்க

அமெரிக்கால மேடிசன்ல தங்கச்சி வீட்டுல பத்து நாள் இருந்தேன், அதுல மூணு தடவ இந்தக் கடைக்குப் போயிட்டேன். விஸ்கான்சின் யூனிவர்சிட்டிக்குள்ள லிண்டன் டிரைவ்ல இருக்கு, ஐஸ்க்ரீம் யூனிவர்சிட்டியோட சொந்த டெய்ரில போடுறது. ஆரஞ்சு கஸ்டர்ட் சாக்லேட் சிப்னு ஒண்ணு இருக்கு, வாயில வச்சதும் மொதல்ல சின்ன வயசு ஆரஞ்சு மிட்டாய் வாசம், அப்புறம் கெட்டியான பால் ருசி, கடைசியில சாக்லேட் துண்டு பல்லுல மாட்டும். செம.

கடைக்குப் பேரு வச்சது இதே யூனிவர்சிட்டில வேலை பாத்த ஸ்டீபன் பாப்காக்னு ஒரு விஞ்ஞானி நினைவா. அந்தக் காலத்துல பாலை எடை போட்டுத்தான் காசு, அதனால தண்ணி கலக்குறவனுக்கும் ஆடை எடுக்குறவனுக்கும் கொண்டாட்டம், நல்ல பால் ஊத்துறவனுக்கு நட்டம். இவரு 1890ல ஒரு டெஸ்ட் கண்டுபிடிச்சாரு, கழுத்து நீளமான பாட்டில்ல பாலும் கந்தக அமிலமும் ஊத்தி மெஷின்ல சுத்தினா கொழுப்பு மட்டும் மேல ஏறி கழுத்துல நிக்கும், அங்க இருக்குற கோட்டைப் பாத்து அளவு சொல்லிடலாம். நம்ம ஊர் சொசைட்டில ஃபேட் பாத்து காசு போடுறாங்கல்ல, அதே யோசனைதான். அதுக்கு அவரு பேட்டன்ட் கூட வாங்கல, யாரு வேணா செஞ்சுக்கோங்கன்னு விட்டுட்டாரு. எவ்ளோ பெரிய மனசு!

இதே யூனிவர்சிட்டில இருந்த இன்னொரு விஞ்ஞானி ஹாரி ஸ்டீன்பாக் வேற மாதிரி. சாப்பாட்டு மேல அல்ட்ரா வயலட் வெளிச்சம் பட்டா வைட்டமின் டி உருவாகுதுன்னு கண்டுபிடிச்சு பேட்டன்ட் எடுத்தாரு, ஆனா காசை அவரே வச்சுக்கல, ஆராய்ச்சிக்கே போகட்டும்னு 1925ல விஸ்கான்சின் அலம்னை ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆரம்பிக்க வச்சாரு, சுருக்கமா வார்ஃப். கால் வளைஞ்சு போற ரிக்கெட்ஸ் குழந்தைங்களுக்குக் குறைய இதுவும் ஒரு காரணம்.

எனக்கு மனசு நின்னது இதுக்கு அடுத்த கதையிலதான். 1933 பிப்ரவரி, பனி கொட்டுது, எட் கார்ல்சன்னு ஒரு விவசாயி ரொம்ப தூரத்துல இருந்து மேடிசனுக்கு லாரில வர்றாரு, செத்துப்போன ஒரு கிடாரி, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், ஸ்வீட் க்ளோவர்ங்கிற தீவனச் செடியோட கெட்டுப்போன வைக்கோல் ஒரு மூட்டை, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு. கால்நடை ஆபீஸ் பூட்டியிருக்கவும் இந்த யூனிவர்சிட்டில கார்ல் லிங்க்னு ஒரு பயோகெமிஸ்ட் லேப்ல கொண்டுபோய் வைக்கிறாரு. லிங்க் டீம் வருஷக்கணக்கா உக்காந்து அந்த வைக்கோல்ல ரத்தத்தை உறைய விடாத பொருளைப் பிரிச்செடுத்தாங்க, அதை வச்சு பின்னாடி செஞ்ச மருந்துதான் வார்ஃபரின். வார்ஃப் பேருதான் மருந்துப் பேருல இருக்கு. 1948ல எலி மருந்தா வந்து, 1954ல மனுஷங்களுக்கே ஆச்சு.

எங்கப்பாவுக்கு வால்வ் மாத்தி ஆறு வருஷம் ஆச்சு, டெய்லி சாயங்காலம் அதே வார்ஃபரின்தான் போடுறாரு. அம்மா கீரைய எப்பவும் அதே சின்னக் கிண்ணத்துல அளந்துதான் வைப்பாங்க, கூடினா ரத்தம் டெஸ்ட் மாறிடும்னு. அந்த மாத்திரை ஒரு மாட்டுல இருந்து, அதுவும் நான் ஐஸ்க்ரீம் தின்னுக்கிட்டு நிக்குற இதே யூனிவர்சிட்டில ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சப்ப கண்ணு கலங்கிடுச்சு, அங்கயே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு "அந்த விவசாயிக்கு மாட்டுக்காவது ஏதாச்சும் குடுத்தாங்களாப்பா?"ன்னாரு.

சீஸ் கர்ட்ஸும் (சின்னச் சின்ன சீஸ் துண்டு) வாங்கிப் பாருங்க, புதுசா இருந்தா கடிக்கும்போது கீச்சுனு சத்தம் வரும். வெயில் நாள்ல கோன் வேணாம், கப்ல வாங்குங்க, சீக்கிரம் உருகிடுது. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.