"ஆராய்ச்சி" என்று சொல்லி அப்பாவுக்கு ஸ்கேன் விற்றார்கள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் போன வருடம் ஒரு ஸ்கேன் நிறுவனத்தார் மேசை போட்டு நுரையீரல் பரிசோதனைக்குப் பேர் எழுதினார்கள். மேசையில் இருந்த பெண் தமிழில் பேசியதும் அப்பா உட்கார்ந்துவிட்டார். "அங்கிள், போதனா மருத்துவமனையோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி இது. வெளியில் 700 வெள்ளி, உங்களுக்கு 380தான்." அப்பாவுக்கு வயது 71. ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை.

ஸ்கேன் எடுத்த மூன்றாம் நாள் போன் வந்தது. வலது நுரையீரலில் புள்ளி இருக்கிறதாம், உடனே பெட் ஸ்கேன் (புற்றுநோயா என்று பார்க்க எடுக்கும் இன்னொரு வகை ஸ்கேன்) எடுக்க வேண்டுமாம், முன்பணம் கட்டினால் இடம் பிடித்து வைப்பார்களாம். அன்றிரவு அம்மா சாப்பிடவே இல்லை.

நல்லவேளையாகப் பணம் கட்டாமல் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கிக்கொண்டு நிஜமான போதனா மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தவர்கள் தந்த குறுவட்டைப் போட்டுப் பார்த்த மருத்துவர் சிரித்துவிட்டார். உள்ளே ஆறே ஆறு படம். நெஞ்சு சிடி ஸ்கேன் என்றால் நூற்றுக்கணக்கான துண்டுப் படங்கள் இருக்கும். அவை டைகாம் என்ற மருத்துவப் பட வடிவக் கோப்புகளாக இருந்தால்தான் புள்ளியைச் சரியாக அளக்க முடியும். முழுக் கோப்புகளைக் கேட்டு மூன்று வாரம் அலைந்தேன், அதற்கும் தனியாக 60 வெள்ளி பிடுங்கினார்கள்.

கடைசியில் புள்ளியின் அளவு 4 மில்லிமீட்டர். நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல்படி, அப்பா மாதிரி ஆபத்து குறைந்தவர்களுக்கு 6 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் கெட்டியான புள்ளியைத் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு சின்னதைப் பெட் ஸ்கேனில் எடுத்தாலும் நம்பி ஒன்றும் சொல்ல முடியாதாம். அப்புறம் எதற்கு முன்பணம்?

புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும், மறுக்கவில்லை. ஆனால் குறைந்த கதிர்வீச்சு சிடியால் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் காட்டிய அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள், 55 முதல் 74 வயதுக்குட்பட்ட கடும் புகைப்பாளிகளும் முன்பு அப்படிப் புகைத்து நிறுத்தியவர்களும். மேசையில் வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தில் அந்த 20 மட்டும் பெரிதாக இருந்தது, யாருக்கு என்பது இல்லை.

ஆராய்ச்சி பற்றியும் மருத்துவமனையில் விசாரித்தேன். அப்படி ஓர் ஆய்வே அங்கே கிடையாது. உண்மையான ஆய்வு என்றால் விளக்கத்தாள் கையில் தருவார்கள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், பொறுப்பாளர் பெயர் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே இங்கே 2015இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆய்வுக்காகவே எடுக்கும் ஸ்கேனுக்குப் பொதுவாக நம்மிடம் காசு கேட்க மாட்டார்கள். இவற்றில் ஒன்றையாவது மேசையிலேயே கேட்டிருக்கலாம். நான் அன்று வேலையில் இருந்தேன்.

அப்பா கையெழுத்துப் போட்ட தாளை வீட்டுக்கு வந்து தேடி எடுத்தேன். ஆராய்ச்சிக்கான சம்மதம் என்று நினைத்துத்தான் போட்டாராம். விளம்பர அழைப்புகளுக்கான சம்மதம் அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அடுத்த ஸ்கேனுக்கு 50 வெள்ளி பற்றுச்சீட்டு தருகிறார்களாம்.