காரைக்குடியில் மணமக்களுக்கான வேலைத் திட்ட ஆலோசனை: ஒரு மதிப்புரை

கல்யாணம் பேசி முடித்த வீடுகளில் நகை, சீர்ப் பாத்திரம், மண்டபம், சமையல்காரர் என ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்துப் பேசுகிறார்கள்; மணமக்கள் எந்த ஊரில், யாருடைய வேலையை ஒட்டி வாழப்போகிறார்கள் என்பதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மனிதவளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் காரைக்குடியில் தம் வீட்டிலேயே நடத்திவரும் ஆலோசனைச் சேவை, இந்த ஒன்றை மட்டுமே பேசுவதற்காக ஏற்பட்டது. இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் 3,000 ரூபாய். நானும் என்னை மணக்கவிருப்பவரும் இதைப் பயன்படுத்தினோம். கட்டணத்துக்கு மேல் பயன் கிடைத்தது என்றே சொல்வேன். ஆனால் திருத்தப்பட வேண்டிய குறைகளும் இருக்கின்றன.

நான் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் மின்கலம் தொடர்பான முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். என்னை மணக்கவிருப்பவர் சிங்கப்பூரில் மென்பொருள் பணியில் இருக்கிறார். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் எங்கள் இரு வீட்டாருக்கும் சிங்கப்பூர் பக்கத்து ஊர் போலத்தான். எனவே, மாலை மாற்றிய கையோடு நான் அங்கே போய்விடுவேன் என்பதை யாரும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சேவையின் சிறப்பு, பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே இருவரையும் தனித்தனியாக எழுதவைப்பதில் இருக்கிறது. அடுத்த ஐந்தாண்டுகளில் எங்கே வசிக்க விரும்புகிறீர்கள், ஒருவருக்கு இடமாற்றம் வந்தால் மற்றவர் என்ன செய்வார், குழந்தை பிறந்தால் யார் எவ்வளவு காலம் வேலையிலிருந்து விலகியிருப்பார், ஒரே சம்பளத்தில் எத்தனை மாதம் குடும்பம் நடத்த முடியும், பெற்றோருக்கு மாதந்தோறும் எவ்வளவு அனுப்புவீர்கள் என்று கேள்விகள் நீள்கின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்த அவர் காணொளி வழியாக இணைந்து தம் தாளை நிரப்பினார். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுத்தான் வருவேன் என்று எழுதியிருந்தேன். அவரோ மீதி வேலையை அங்கிருந்தபடியே முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். ஆய்வகக் கருவிகளில் செய்யும் சோதனைகளை மடிக்கணினியில் செய்ய முடியாது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. எத்தனையோ மாதங்களாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த எங்களுக்குள் இது ஒருமுறைகூட வெளிவரவில்லை என்பதை எண்ணும்போது, எழுதவைக்கும் இந்த முறையின் அருமை எனக்கு விளங்குகிறது.

பணத்தைப் பற்றிய பகுதியும் நன்றாகவே இருந்தது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டு மத்திய சேமநிதியில் சேர்ப்பு இல்லை. ஆகவே ஓய்வுக்காலச் சேமிப்பை அவர் தாமாகவே செய்தாக வேண்டும் என்பதை அம்மையார் தெளிவாக எடுத்துச் சொன்னார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாட்கள் வரை அளிக்கலாம் என்பதையும் அவரே குறிப்பிட்டார்.

ஆனால் வெளிநாட்டு விதிகளில் அவருடைய தகவல் பழையதாக இருந்தது. சார்ந்திருப்போர் அனுமதியில் செல்லும் மனைவி ஓர் ஒப்புதல் கடிதம் பெற்றால் அங்கே வேலை செய்யலாம் என்றார். 2021 மே 1 முதல் அந்த வழி பொதுவாக அடைக்கப்பட்டுவிட்டது. சொந்தத் தொழில் நடத்துவோர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் தம் பெயரிலேயே தனி வேலை அனுமதி பெற வேண்டும். நாங்கள் அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தைப் பார்த்துச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொண்டார். எனினும், இத்தனை பேர் கடல் கடந்து சம்பாதிக்கும் செட்டிநாட்டில் இப்படியொரு சேவையை நடத்துபவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நம்பி ஒரு பெண் இங்கே வேலையை விட்டுவிட்டால் அவளுடைய நிலை என்னவாகும்?

படிவத்திலும் ஒரு திருத்தம் தேவை. திருமணத்துக்குப் பின் வேலையைத் தொடர விருப்பமா என்ற கேள்வி மணமகளின் தாளில் மட்டுமே இருக்கிறது. மணமகனிடம் அது கேட்கப்படாதவரை, விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பது பேச்சு தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

பெற்றோரிடம் பேசும் பகுதியில் அம்மையாரின் திறமை தெரிந்தது. இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவது கோர்ட்டு வழக்கு போல இருக்கிறது என்று என் அப்பத்தா முகம் சுளித்தபோது, அவர் நகரத்தார் வழக்கங்களையே எடுத்துக்காட்டினார். இரு வீட்டாரும் இசைந்து கையெழுத்திடும் இசைகுடிமானம் நம் திருமணங்களில் காலங்காலமாக இருக்கிறது. மணமான பிள்ளையை ஒரே வளவு வீட்டுக்குள்ளேயே வேறு வைத்துத் தனி அடுப்பும் தனி வரவுசெலவும் கொடுத்ததும் நம் வீடுகள்தாம். அப்படியிருக்க, இந்தக் காலத்துக்கு வேண்டிய கணக்கை எழுதிவைப்பதில் என்ன குற்றம் என்று கேட்டார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை வீட்டையும் வரவுசெலவையும் ஆச்சிமார்களே தனியாகத் தாங்கினார்கள் என்பதையும் அவர் நினைவூட்டினார். அப்பத்தா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இந்தப் பகுதிக்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கலாம். மாமியார் வீட்டார் பேசத் தொடங்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

இறுதியில் இருவரும் ஒப்புக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். எங்கள் தாளில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வரை நான் காரைக்குடியிலேயே இருப்பது என்றும், அதற்குள் அவர் தம் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு மாற்றம் கேட்டுப் பார்ப்பது என்றும், நான் சிங்கப்பூரிலும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மின்வாகன நிறுவனங்களிலும் ஒருசேர வேலை தேடுவது என்றும் இருக்கிறது. எந்த ஊர் என்ற முடிவு இன்னும் எழுதப்படவில்லை. யாருக்கு முதலில் நல்ல வாய்ப்பு வருகிறது என்று பார்த்து, அடுத்த ஆவணியில் மீண்டும் உட்கார்ந்து பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

செல்ல விரும்புகிறவர்கள் தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு வெகு முன்னதாகவே நேரம் கேட்டுப் பெறுவது நல்லது. சம்பளச் சீட்டு, கடன் விவரம், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பெற்றோரையும் அழைத்துச் செல்வதாக இருந்தால் அவர்களுக்குத் தனி அமர்வு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.