அலாஸ்கா சாலைக்கு எது தாங்கும்: கிளாஸ் ஏ, கிளாஸ் சி, டிரக் கேம்பர்

அலாஸ்காவுக்கு மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிப் படுக்க வசதியுள்ள வண்டியில், கிளம்பத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா என்பதுதான். கோடையில் போவதாக இருந்தால் கட்டாயமில்லை. அங்கே வண்டி சேற்றில் மாட்டி நிற்பதைவிட, ஏதாவது உடைந்தோ கழன்றோ டயர் கிழிந்தோ நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள்: பின்சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது, அடியில் என்னென்ன தொங்குகின்றன, ஸ்டெப்னி என்று ஒன்று இருக்கிறதா. என்னைப் பொறுத்தவரை எந்த வண்டி என்பதை முடிவு செய்வது இந்த மூன்றும்தான், உள்ளே இருக்கிற சோஃபா அல்ல.

சாலையைப் பற்றி முதலில். கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடிகிற அலாஸ்கா நெடுஞ்சாலை ஏறக்குறைய 2,230 கி.மீ. 1942-இல் அமெரிக்க ராணுவம் எட்டு மாதத்தில் வெட்டிய பாதை. இன்று, பழுதுபார்ப்பு நடக்கிற துண்டுகளை விட்டால், முழுக்கத் தார் போட்டது. ஆனால் கனடாவின் யூகான் பகுதியில் ஹெய்ன்ஸ் ஜங்ஷனைத் தாண்டி அலாஸ்கா எல்லையை ஒட்டியுள்ள பீவர் கிரீக் வரைக்கும் தார் இருந்தும் நிம்மதி கிடையாது. சாலைக்கு அடியில் இருப்பது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கிற, ஐஸ் கலந்த மண். மேலே பாசியும் செடியும் மூடியிருந்தவரை அது உருகவில்லை. ராணுவம் புல்டோசரால் அதைச் சுரண்டி எடுத்ததும் கீழே உருகிப் பாதையே சேறாகப் போனது, அப்புறம்தான் செடிகொடியைத் தொடாமல் அதன் மேலேயே மரக்கட்டைகளைப் பரப்பிச் சாலை போடக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் கறுப்புத் தார் வெயிலை வாங்கிக் கீழே அனுப்புகிறது. ஓரிடம் உருகி இறங்குகிறது, பக்கத்து இடம் குளிர்காலத்தில் உறைந்து உப்புகிறது. ஃப்ராஸ்ட் ஹீவ் என்று சொல்கிற அந்த மேடுகள் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மோசமான இடங்களில் ஓரத்தில் சின்னக் கொடி நட்டிருப்பார்கள், அதைக் கவனிக்காமல் 90 கி.மீ வேகத்தில் போனால் முன்பக்கம் ஏறி இறங்கி முடிப்பதற்குள் பின்பக்கம் எகிறும்.

இன்னொரு வகை, சரளைக் கற்சாலை. அலாஸ்காவில் டால்டன் நெடுஞ்சாலை, 414 மைல், அதாவது 666 கி.மீ, 1974-இல் எண்ணெய்க் குழாய் வேலைக்காகப் போட்டது, இன்றும் லாரிகளின் ராஜ்ஜியம். கனடாவில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை, டாசன் சிட்டி பக்கத்திலிருந்து இனுவிக் வரை 740 கி.மீ-க்குச் சற்றுக் குறைவு. முதல் வகைச் சாலை வண்டியைத் தூக்கிப் போடும், இரண்டாவது வகை மணிக்கணக்கில் உலுக்கும். வண்டியைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு நோய்.

சரி, கிளாஸ் ஏ. பஸ் மாதிரி தட்டையான முகப்பு, பெரிய கண்ணாடி. இவற்றில் டீசல் எஞ்சின் பின்னால் இருக்கிற வகைக்குப் பெரும்பாலும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றுப் பைகள் தாங்குகிற அமைப்பு, உண்டு. நல்ல தாரில் இதைவிடச் சொகுசான வண்டி கிடையாது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹீவ் வந்ததும் கதை மாறுகிறது. ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலேயோ அதற்கும் முன்னாலேயோ உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு மேடும் நேராக அவர் முதுகுக்கு வருகிறது. பின்பக்கம் மூன்று மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வால்பக்கம் சாலையில் உரசும், வண்டியை நிலைநிறுத்த அடியில் வைத்திருக்கும் ஜாக்கிகளும் கழிவுத் தொட்டியின் குழாயும் முதலில் அடிவாங்கும். சரளையில் இன்னொரு தொல்லை: ரேடியேட்டர் பின்னால் இருக்கிற வண்டிகளில் தூசி போய் அப்பிக்கொண்டு எஞ்சின் சூடேறும். பின்னால் கார் வேறு கட்டி இழுத்தால், பெரிய வண்டியின் டயர் வாரியடிக்கிற கல்லெல்லாம் காரின் முகத்துக்கு. முன்கண்ணாடி விரிசல் விட்டால் அந்த அளவுக் கண்ணாடி சின்ன ஊரில் கிடைக்காது. பல கிளாஸ் ஏ வண்டிகளில் ஸ்டெப்னியே வருவதில்லை என்பதை வாங்கின பிறகுதான் பலரும் கவனிக்கிறார்கள்.

ஆனாலும் அலாஸ்கா நெடுஞ்சாலைக்குக் கிளாஸ் ஏ ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கோடையிலும் வரிசையாகப் போகின்றன. ஹீவ் பகுதியில் 60 கி.மீ வேகத்துக்குக் கீழே போக உங்களுக்குப் பொறுமை இருந்தால் போதும். டால்டனுக்கும் டெம்ப்ஸ்டருக்கும் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஃபேர்பேங்ஸிலோ டாசன் சிட்டியிலோ முகாமில் நிறுத்திவிட்டு வேறு வழி பாருங்கள்.

கிளாஸ் சி, அதாவது வேன் முகப்பும் அதன் தலைக்கு மேல் படுக்கையும் உள்ளது. வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ஃபோர்டு இ-450 சேஸிஸ் (எஞ்சினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டம்) என்றால் மொத்த எடை 14,500 பவுண்டு, சுமார் 6,577 கிலோ வரை அனுமதி, பின்னால் இரட்டைச் சக்கரம். இந்த ஒரே சேஸிஸ் மேல் 24 அடியிலும் கட்டுகிறார்கள், 31 அடியிலும் கட்டுகிறார்கள், நான் கவனிக்கச் சொல்வது இங்கேதான். சக்கர இடைவெளியைப் போதிய அளவு நீட்டாத வண்டிகளில், கூடுகிற நீளம் பின் அச்சுக்குப் பின்னால்தான் போய்ச் சேர்கிறது. முன் அச்சிலிருந்து பின் அச்சு வரையுள்ள தூரம் மொத்த நீளத்தில் பாதிக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். பாதியை ஒட்டி இருந்தால் பின்பக்கத்து எடை முன்சக்கரத்தை லேசாகத் தூக்கிவிடும், மேட்டில் ஸ்டீயரிங் பிடிப்பே இல்லாமல் மிதக்கிற மாதிரி ஆகும். ஆகவே நீளமான கிளாஸ் சி-யைவிடக் குட்டையான கிளாஸ் சி பலமடங்கு நல்லது. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கிளாஸ் சி-யின் பலவீனம் சேஸிஸ் மேல் கட்டியிருக்கும் பெட்டிதான். லீஃப் ஸ்பிரிங்கில் வெற்று வண்டி தடதடக்கும், அலமாரிக் கதவு திறந்துகொள்ளும், தலைக்கு மேலுள்ள படுக்கையின் மூலையில் மூட்டு விட்டு மழைத்தண்ணீர் கசியும். இரட்டைச் சக்கரத்துக்கு இடையே கல் சிக்கிக்கொள்வது சரளைச் சாலையில் சாதாரணம், நிற்கிற இடத்திலெல்லாம் குனிந்து பார்க்காவிட்டால் அது இரண்டு டயரின் பக்கத்தையும் அறுத்துவிடும். பக்கவாட்டில் வெளியே தள்ளிப் பெரிதாக்குகிற ஸ்லைடு அறை உள்ள வண்டி என்றால், அந்த அறை உலுக்கலில் அதன் சட்டத்திலேயே ஆடி ஆடித் தளர்ந்துவிடும். மோசமான சாலைக்கு ஸ்லைடு இல்லாத மாடலே மேல்.

டிரக் கேம்பரைத்தான் நான் சரளைக்குச் சொல்வேன். பிக்கப்பின் முதுகில் பெட்டியைத் தூக்கி வைத்துக் கட்டுவது. அடியில் தொங்குவது எதுவுமில்லை, வால் குட்டை, சஸ்பென்ஷன் ஏற்கெனவே சுமைக்காகவே செய்தது, டயர் எந்த ஊரிலும் கிடைக்கும். உடைந்தால் அந்த ஊர் மெக்கானிக்குத் தெரிந்த வண்டி. ஆனால் சும்மா கிடைப்பதில்லை: உயரம் கூடி எடையெல்லாம் மேலே போவதால் பக்கவாட்டில் ஆடும், ஓரத்து மண் இளகிய இடத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் சாய்வது இதுதான் முதலில். டால்டனில் எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான், அதற்காக ஓரத்தின் விளிம்பு வரை போய்விடாதீர்கள். அப்புறம் எடை. ஓட்டுநர் கதவின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அந்தப் பிக்கப் எவ்வளவு சுமக்கும் என்று போட்டிருக்கும். விளம்பரத்தில் எழுதியிருக்கும் கேம்பர் எடை பெரும்பாலும் தண்ணீர், கேஸ், மனிதர்கள் இல்லாத எடை. அந்தக் கணக்கைத் தவறவிட்டவர்களின் பிக்கப்பில் பின்பக்கம் உட்கார்ந்து முன்விளக்கு ஆகாயத்தைப் பார்க்கும். பெட்டியை வண்டியோடு இழுத்துப் பிடிக்கும் முறுக்குக் கம்பிகள் சரளையில் தளரும். முதல் 50 கி.மீ-க்குள் ஒருமுறை இறுக்குங்கள், அதற்கப்புறம் டீசல் போடும்போதெல்லாம்.

மெர்சிடிஸ் ஸ்ப்ரிண்டர் மாதிரி வேனைப் பற்றி ஒரே வரி: ஓட்டுவதற்கு எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும், இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இழுத்துச் செல்லும் டிரெய்லரைச் சரளையில் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இனி ஓட்டும் விதம். சரளையில் குறுக்கே வரிவரியாக விழுந்திருக்கும், வாஷ்போர்டு. இதைக் கடக்க இரண்டு கட்சி உண்டு: வேகமாகப் போனால் டயர் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவிவிடும், உலுக்கல் தெரியாது என்பது ஒன்று, ஊர்ந்து போ என்பது இன்னொன்று. முதல் கட்சி சொல்வது ஜீப்புக்குச் சரி. டயர் தாவுகிறது என்றால் பாதி நேரம் அது சாலையைத் தொடவில்லை என்று அர்த்தம், அந்த நிலையில் ஆறு டன் வண்டிக்கு பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. டால்டனில் அனுமதித்த வேகமே 50 மைல்தான். மோட்டார்ஹோமுக்கு வாஷ்போர்டில் அதில் பாதிகூடச் சில சமயம் அதிகம். நாள் கணக்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஹீவைக் குறுக்கே சாய்வாக ஏறாமல் நேராக ஏறுங்கள், சாய்த்தால் சேஸிஸ் முறுக்கும், பெட்டி விரிசல் விடும். பிரேக் மேட்டுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும், மேட்டின் மேல் பிரேக் மிதித்தால் முன்ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிப் போயிருக்கும், அடி நேராகச் சட்டத்துக்குப் போகும்.

டயர் காற்றைக் குறைக்கலாமா? பின்னால் பக்கத்துக்கு ஒரே சக்கரமுள்ள பிக்கப்பில், எடைமேடையில் நிறுத்தி எடை தெரிந்துகொண்டு, வேகத்தையும் குறைத்தால் கொஞ்சம் குறைக்கலாம்; தார் வந்ததும் திரும்ப நிரப்ப கம்ப்ரஸர் கையில் இருக்க வேண்டும். இரட்டைச் சக்கரத்தில் குறைத்தால் டயரின் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும், எனவே கிளாஸ் சி-யில் கை வைக்காதீர்கள். நல்ல தண்ணீர் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்: அச்சுகளுக்கு நடுவில், தாழ்வாக இருந்தால் நிறைத்துக்கொள்ளலாம்; வால்பக்கம் இருந்தால் 150 லிட்டர் என்பது 150 கிலோ, தேவைக்கு மட்டும் ஊற்றுங்கள். கழிவுத் தொட்டியைக் கிளம்பும் முன் காலி செய்துவிட வேண்டும். கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டே ஓட்டுங்கள்.

மழை பெய்தால் டெம்ப்ஸ்டர் வேறு சாலை. தூசி அடங்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு ஈரத்தில் வழுக்கும், காய்ந்ததும் அடிப்பக்கத்தில் இறுகிப்போய் இரும்பை அரிக்கும்; ஊர் வந்ததும் அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். டால்டனில் கோல்ட்ஃபுட் என்ற ஊரைத் தாண்டினால் சாலை முடிகிற டெட்ஹார்ஸ் வரை 240 மைலுக்கு பெட்ரோலும் இல்லை, கடையும் இல்லை. டெம்ப்ஸ்டரில் பெட்ரோல் கிடைக்கிற ஈகிள் ப்ளெய்ன்ஸ் 369-ஆவது கிலோமீட்டரில் வருகிறது, அதுவரை நிரப்பியதுதான். இரண்டுக்கும் முழு அளவு ஸ்டெப்னி இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று போதாது. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தில் சரளைச் சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள்; பெரும்பாலான நிறுவனங்கள் இந்த இரண்டையும் தடை செய்கின்றன, மீறிப் போய் வண்டி நின்றால் இழுத்துவரும் செலவு முழுக்க உங்கள் தலையில்.