சீப்பா, இன்எக்ஸ்பென்சிவா?

விலை குறைந்த பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது பலரும் தடுமாறும் இடம் இது. இரண்டுக்கும் 'மலிவான' என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று எப்போதும் பொருந்தாது.

விலை: இரண்டுமே குறைவு என்கின்றன.

தரம்: 'சீப் ஷூஸ்' என்றால் சீக்கிரம் பிய்ந்துவிடுமோ என்று தோன்றும். 'இன்எக்ஸ்பென்சிவ் ஷூஸ்' அந்தச் சந்தேகத்தைக் கிளப்பாது.

ஆள்: இங்கே சீப் மட்டும்தான். அமெரிக்காவில் ஒருவரை சீப் என்றால் கஞ்சன் என்று பொருள். 'சீப் ஜோக்' என்றால் கீழ்த்தரமான நகைச்சுவை.

பேச்சு: சீப் சட்டென்று வாயில் வரும். இன்எக்ஸ்பென்சிவ் கொஞ்சம் நீளம், கொஞ்சம் மரியாதை.

இத்தனைக்கும் சீப் நல்ல குடியில் பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு வணிகம், பேரம் என்று பொருள். லண்டனில் சந்தை இருந்த தெருவுக்கு இன்றும் சீப்சைட் என்றுதான் பெயர். நம் மலிவும் அப்படித்தான். மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். விளைச்சல் மலிந்தால் விலை இறங்கும். அப்புறம் 'மலிவான அரசியல்' என்று அதையும் கீழே இறக்கிவிட்டோம்.

சரி, எதை எடுப்பது? விமான டிக்கெட், காய்கறி என்றால் தயங்காமல் சீப். நண்பர் வாங்கிய புடவை, உணவகத்துக்கு எழுதும் பாராட்டு, சொந்தக் கடையின் விளம்பரம் என்றால் இன்எக்ஸ்பென்சிவ். 'ப்ரைஸ்' என்ற சொல்லோடு மட்டும் இரண்டுமே வேண்டாம். அங்கே 'லோ' போதும்.