மல்டி எஃபெக்ட்ஸா, தனித்தனிப் பெடலா? பழுதையும் கணக்கில் சேர்த்தால்

எலக்ட்ரிக் கிட்டாருக்கு எஃபெக்ட் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எதில் சவுண்ட் நன்றாக இருக்கும் என்பதைத்தான். முன்பு அது நியாயமான கேள்வி. இன்றைக்கு நடுத்தர விலை மல்டி எஃபெக்ட்ஸ் யூனிட்டில் (பல எஃபெக்டுகள் ஒரே பெட்டியில்) வரும் கோரஸையும் டிலேயையும் ரிவெர்பையும், பேண்டோடு சேர்ந்து ஒலிக்கும்போது, ஒரு எஃபெக்டுக்கு ஒரு பெட்டி என்று காலால் மிதிக்கும் தனிப் பெடலிலிருந்து பிரித்துச் சொல்வது மிகக் கடினம். வித்தியாசம் மிஞ்சியிருப்பது ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவிலும் ஃபஸ்ஸிலும்தான். கிட்டாரின் வால்யூம் நாபைப் பாதியாகக் குறைத்தால் டிரைவ் எப்படிச் சுத்தமாகிறது என்பது கேட்கிறவரைவிட வாசிக்கிறவரின் விரலுக்கே முதலில் தெரியும்.

நான் தனிப் பெடல்களைத் தேர்ந்தெடுத்தவன், சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் சவுண்டுக்காக அல்ல. ஐந்தாறு வருடம் கழித்து ஒரு பாகம் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்ற ஒரே கேள்விக்காக.

மல்டியின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே அடாப்டர், ஒரே பை, ஹெட்ஃபோன் அவுட்புட், டியூனர், லூப்பர், யூஎஸ்பி வழியாக நேராக ரெக்கார்டிங். ஒரு எஃபெக்டுக்கு இவ்வளவு விலை என்று வகுத்துப் பார்த்தால் பெடல் பக்கத்தில் நிற்கவே முடியாது. ஃபேஸர் என்றால் என்ன, ஃபிளாஞ்சர் என்றால் என்ன, தனக்கு எது பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. இன்னொன்று, பாட்டின் வெர்ஸ் பகுதியிலிருந்து கோரஸ் பகுதிக்குப் போகும்போது டிரைவை ஏற்றி, ஃபேஸரை அணைத்து, டிலேயைக் கூட்டுவது மல்டியில் ஒரே மிதி. பெடல்போர்டில் அதற்கு மூன்று மிதி, அல்லது பல பெடல்களை ஒரே மிதியில் மாற்றும் லூப் ஸ்விட்ச்சர் தனியாக ஒன்று.

மல்டியை வாங்கிய சில நாளிலேயே ‘டப்பா சவுண்ட்’ என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். பாதிக்கு மேல் குற்றம் யூனிட்டில் இல்லை, அவுட்புட் செட்டிங்கில் இருக்கிறது. ஃபேக்டரி பிரீசெட்டுகள் (ஏற்கெனவே அமைத்து வரும் செட்டிங்குகள்) பெரும்பாலும் ஆம்ப் மாடலும் (ஆம்பின் நகல்) கேபினெட் சிமுலேஷனும் (ஸ்பீக்கர் பெட்டியின் நகல், சுருக்கமாகக் கேப்) சேர்த்தே வரும், ஏனென்றால் அவை ஹெட்ஃபோனையும் மேடை ஒலிபெருக்கியான பி.ஏ. சிஸ்டத்தையும் மனதில் வைத்துச் செய்தவை. அதை அப்படியே கிட்டார் ஆம்பின் முன்பக்க இன்புட்டில் செருகினால், ஆம்புக்குள் இன்னொரு ஆம்ப், ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கர். மேல் ஒலியெல்லாம் இரண்டு முறை வெட்டுப்பட்டு, போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடும். ஆம்பின் முன்பக்கம் போனால் ஆம்ப் பிளாக், கேப் பிளாக் இரண்டையும் அணைக்க வேண்டும். ஆம்பின் ப்ரீஆம்பைத் தாண்டி நுழையும் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் போனால் கேப்பை மட்டும் அணைத்தால் போதும். பி.ஏ.வுக்கோ ஹெட்ஃபோனுக்கோ போனால் இரண்டும் வேண்டும். அங்கே கேப்பை அணைத்துவிட்டால் டிஸ்டார்ஷன் குளவிக்கூடு மாதிரி ரீங்கரிக்கும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும், பி.ஏ. ஸ்பீக்கர் சரியாது.

இன்னொரு சறுக்கல், பிரீசெட்டைக் குறைந்த சத்தத்தில் உருவாக்குவது. மெல்லக் கேட்கும்போது காதுக்கு பேஸும் டிரெபிளும் குறைவாகவே எட்டும், அதனால் இரண்டையும் ஏற்றி வைப்போம். டிரம்ஸோடு சேர்ந்ததும் அந்த பேஸ் கிக் டிரம்மோடு மோதும், நடு ஒலி இல்லாததால் கிட்டார் காணாமல் போகும். கேப் பிளாக்கில் கீழ் ஒலியை வெட்டும் லோ கட்டை 80 முதல் 100 ஹெர்ட்ஸிலும், மேல் ஒலியை வெட்டும் ஹை கட்டை 5 முதல் 6 கிலோஹெர்ட்ஸிலும் வைத்து, கெயினையும் ரிவெர்பையும் தாராளமாகக் குறைத்து, மேடைச் சத்தத்திலேயே கடைசித் திருத்தம் செய்வதுதான் வழி. இதைச் செய்யாமல் மல்டி மோசம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெடல் பக்கத்துத் தலைவலி, மின்சாரமும் கேபிளும். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ், 2.1 மி.மீ. பின். அனலாக் ஓவர்டிரைவ் 5 முதல் 20 மில்லிஆம்பியர் எடுத்தால் அதிகம். டிஜிட்டல் டிலே 50 முதல் 100 வரை போகும், பெரிய ரிவெர்ப் பெடல் 300-ஐத் தொடலாம். ஒவ்வொன்றின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கூட்டி, மேலே கால் பங்கு சேர்த்து சப்ளை வாங்க வேண்டும். சப்ளையின் மில்லிஆம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் தவறில்லை, பெடல் வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து. 18 வோல்ட்டில் ஹெட்ரூம் (ஒலி உடையாமல் தாங்கும் இடைவெளி) கூடும் என்று கேள்விப்பட்டுச் செருகுகிறவர்கள், உள்ளே வோல்ட்டை மாற்றித் தரும் சார்ஜ் பம்ப் சிப் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த வகைச் சிப் பலவற்றின் தாங்கும் எல்லை 10.5 வோல்ட்தான். 12 வோல்ட் கொடுத்தாலே போய்விடும்.

ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரி எல்லாப் பெடலுக்கும் வயர் இழுப்பது, அனலாக் பெடல் மட்டும் இருக்கும்வரை ஓடும். நடுவே ஒரு டிஜிட்டல் பெடல் வந்ததும் மெல்லிய ‘ங்ஈ’ என்ற சத்தம் டிரைவ் வழியாகப் பெருகிக் கேட்கும். ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசோலேட்டட் சப்ளைதான் அதற்கு மருந்து. பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ்ஸில் பாசிட்டிவ் கிரவுண்ட் வருவது உண்டு. அதை மற்றவற்றோடு ஒரே இழையில் கோத்தால் சப்ளை ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரியே நல்லது. இன்புட் ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும், ஆகவே வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள்.

கேபிள் கணக்கும் சிறியதல்ல. ஆறு பெடல் என்றால் ஐந்து பேட்ச் கேபிள், இரண்டு நீளக் கேபிள், மொத்தம் 14 பிளக். இதில் ஒன்று தளர்ந்தாலும் சத்தம் நின்றுவிடும். தேடும் முறை எளிது. கிட்டாரிலிருந்து வரும் கேபிளை நேராக நான்காவது பெடலில் செருகுங்கள். சத்தம் வந்தால் கோளாறு முன்பாதியில், வராவிட்டால் பின்பாதியில். மறுபடி பாதியாக்கினால் மூன்றாவது முயற்சிக்குள் ஆள் சிக்கிவிடும்.

எல்லாமே ட்ரூ பைபாஸாக (அணைத்ததும் சிக்னலை நேராகக் கடத்திவிடும் வகை) இருந்தால் இன்னொரு தொல்லை. கேபிளின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். இரண்டு ஆறு மீட்டர் கேபிளும் பேட்ச் கேபிள்களும் சேர்ந்தால் பிக்கப்பின் டிரெபிள் மங்கும். வரிசையின் தொடக்கத்தில் பஃபர் (சிக்னலுக்கு வலுவூட்டும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடல், ஒரு டியூனராக இருந்தாலும், போதும். ஜெர்மேனியம் ஃபஸ் மட்டும் அந்தப் பஃபருக்கும் முன்னால் இருக்க வேண்டும். பஃபருக்குப் பின்னால் போனால் வால்யூம் நாபைக் குறைத்தாலும் அது சுத்தமாகாமல் கரகரக்கும்.

இவ்வளவு சிரமம் இருந்தும் பெடல் பக்கம் ஏன் நிற்கிறேன் என்றால், இவை எல்லாமே கையில் எடுத்துச் சரிசெய்யக்கூடிய சிரமங்கள். மல்டியில் முதலில் சாவது ஒலியைக் கணக்கிடும் டிஎஸ்பி சிப் அல்ல. அடிக்கடி மிதிபடும் ஃபுட்ஸ்விட்ச், சுழற்றும் என்கோடர், பவர் ஜாக், எக்ஸ்பிரஷன் பெடலின் பொட்டென்ஷியோமீட்டர், இவைதான். சில்லறைப் பாகங்கள். ஆனால் அவற்றில் பல நெருக்கமான சர்ஃபேஸ் மவுண்ட் (குட்டிப் பாகங்களை மேற்பரப்பிலேயே பற்றவைத்த) போர்டில் நேரடியாக ஒட்டியிருக்கும், என்கோடரின் அளவும் தண்டும் அந்த மாடலுக்கே உரியதாக இருக்கும். பல சமயம் பாகத்தை மாற்றாமல் போர்டையே மாற்றச் சொல்வார்கள். மாடல் நிறுத்தப்பட்டிருந்தால் போர்டும் கிடைக்காது. அந்த ஒரு ஸ்விட்சுக்காக யூனிட் சர்வீஸில் கிடக்கும் நாட்களில் வாவும் இல்லை, டிலேயும் இல்லை, டியூனர்கூட இல்லை.

பெடல்போர்டில் ஒன்று செத்தால் அதைக் கழற்றி, இருபுறக் கேபிளையும் சேர்த்துவிட்டு நிகழ்ச்சியைத் தொடரலாம். பழுது பார்ப்பதும் சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை.

நாபைத் திருப்பினால் கரகரவென்றால், மின் இணைப்பை எடுத்துவிட்டு, நாபின் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் உள்ள இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை ஒரு பீச்சு பீச்சி, முழு வீச்சில் இருபது முப்பது தரம் திருப்பி, உலர விட்டாலே பெரும்பாலும் தீரும். எண்ணெய்ப்பசை விடும் துரு நீக்கி ஸ்பிரேயை அங்கே அடிக்கக் கூடாது. தூசியை ஈர்த்து சில மாதத்தில் முன்பைவிட மோசமாக்கும்.

மிதித்தால் சில சமயம் சத்தம் வருகிறது, சில சமயம் இல்லை என்றால் ஃபுட்ஸ்விட்ச். ட்ரூ பைபாஸ் பெடல்களில் வழக்கமாக ஒன்பது காலுள்ள ஸ்விட்ச் இருக்கும், எங்கும் கிடைக்கும் பொதுப் பாகம். கழற்றும் முன் எந்த வயர் எந்தக் காலில் என்று போட்டோ எடுங்கள். புதியதைப் பற்றவைக்கும்போது ஒரு காலில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி, கான்டாக்ட் கோணலாகி, புதிய ஸ்விட்சே மக்கர் செய்யும். பலர் ‘மட்டமான ஸ்விட்ச்’ என்று திட்டுவது உண்மையில் இந்தச் சூட்டைத்தான்.

ஜாக்கை அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வருகிறதா? வெளியே உள்ள நட் தளர்ந்து, ஒவ்வொரு முறை செருகும்போதும் பாரம் சாலிடரில் விழுந்து விரிசல் கண்டிருக்கும். புது சாலிடர் வைத்து நட்டை இறுக்கினால் சரி. அவ்வப்போது நட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் விரிசலே வராது. பேட்டரியில் ஓடுகிறது, அடாப்டரில் ஓடவில்லை என்றால் டிசி ஜாக்கைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் ஓடவில்லை, யாரோ போலாரிட்டி மாற்றிச் செருகியிருக்கிறார்கள் என்றால் பாதுகாப்பு டையோடு ஷார்ட்டாகியிருக்கலாம். பல பெடல்களில் அது 1என்4001 வகை சாதாரண டையோடுதான். தன்னைப் பலி கொடுத்து மீதி சர்க்யூட்டைக் காப்பாற்றுவதே அதன் வேலை.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலையும் குறைவு. பாஸ் (Boss) நிறுவனத்தின் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல் 1978-இல் வந்தது, இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் பெடலின் நெஞ்சில் உள்ள 4558 வகை ஆப்-ஆம்ப் இன்றும் எளிதாகக் கிடைக்கும் சாதாரண சிப்.

மல்டிக்கு வன்பொருளின் ஆயுள் தவிர இன்னொரு ஆயுளும் உண்டு, மென்பொருளின் ஆயுள். கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் மாறியதும் பழைய யூனிட்டின் டிரைவரும் எடிட்டரும் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடலாம். யூனிட் ஓடும், ஆனால் சின்னத் திரையில் மெனுவுக்குள் மெனுவாகத் தடவ வேண்டும். பழைய தலைமுறை யூனிட்டுகள் சிலவற்றில் பேட்ச் (சேமித்து வைத்த செட்டிங்) நினைவகம் ஒரு பட்டன் பேட்டரியை நம்பியிருக்கும், அது தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போகும். ஒரு நிறுவனத்தின் பேட்ச் இன்னொன்றில் திறக்காது. பெடலின் பேக்கப், நாபுகளை எடுத்த ஒரு போட்டோ.

மறுவிற்பனையும் இதன் வால்தான். புது மாடல் அறிவித்ததும் பழைய மல்டியின் விலை இறங்கும். பல பத்தாண்டுகளாக மாறாமல் வரும் ஓவர்டிரைவுக்கு அந்த வீழ்ச்சி இல்லை. முழு போர்டை விற்க வேண்டியதும் இல்லை, சலித்துப்போன ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வாதம் எல்லாப் பெடலுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திரையும் யூஎஸ்பியும் உள்ள பெரிய டிஜிட்டல் ரிவெர்ப் பெடல், பெயரளவில்தான் தனிப் பெடல். பழுதிலும் மறுவிற்பனையிலும் அது மல்டியின் சின்னத் தம்பி. இப்போது வரும் மலிவு மினி பெடல்கள் பலவும் சர்ஃபேஸ் மவுண்ட் போர்டுதான், வாங்கும் முன் அடிமூடியைத் திறந்த படத்தைத் தேடிப் பாருங்கள்.

ஒரே இரவில் முப்பது பாட்டுக்கு முப்பது டோன் தேவைப்படும் கவர் பேண்டுக்கு என் கணக்கு தலைகீழாகலாம். அங்கே மிதிகளின் எண்ணிக்கைதான் முதல் கவலை, பழுது அடுத்தது. ஆம்பே இல்லாமல் ஹெட்ஃபோனில் மட்டும் வாசிப்பவருக்கும் மல்டியே சரி. அப்படி வாங்குகிறவர்கள் பேட்ச்சுகளைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்துக்கொண்டு, பையில் பேட்டரி போட்ட ஓவர்டிரைவ் ஒன்றையும் சேர்த்து வைத்தால் யூனிட் கைவிடும் இரவில் ஆம்பில் நேராகச் செருகி வாசித்துவிடலாம்.

ஏற்கெனவே மல்டி வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. டிரைவ் பெடலை ஆம்பின் முன்னால் வைத்து, மல்டியை ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் டிலே, ரிவெர்ப், கோரஸுக்கு மட்டும் வைக்கலாம். லூப்பில் வலுவான லைன் லெவல் வருகிறதா, கிட்டாரிலிருந்து வருவது போன்ற மெல்லிய இன்ஸ்ட்ருமென்ட் லெவலா என்று பார்த்து யூனிட்டின் இன்புட் செட்டிங்கை மாற்றுங்கள். தவறாக வைத்தால் ஒன்று சத்தம் உள்ளேயே உடைந்து கரகரக்கும், இல்லாவிட்டால் இரைச்சல் ஏறும். புதிதாகப் பெடல் சேர்க்கிறவருக்கு என் வரிசை: பஃபர் உள்ள டியூனர், ஓவர்டிரைவ், டிலே. சப்ளை மட்டும் இப்போது தேவைப்படுவதைவிட இரண்டு அவுட்புட் கூடுதலாக, அதில் ஒன்றாவது 300 மில்லிஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள்.