சியாங் மாயில் சமையல் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்களா, கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் தாய்லாந்து போயிருந்தபோது சியாங் மாயில் ஒரு அரை நாள் சமையல் வகுப்புக்கு அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து 2,400 பாட் அழுதேன். சந்தைக்குக் கூட்டிப் போவோம், பச்சைக் கறி விழுதை நீங்களே உரலில் இடிப்பீர்கள், சைவம் என்றால் தனியாகச் செய்து தருவோம் என்றார்கள். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். அதை வாட்ஸ்அப்பில் மூன்று தடவை சொல்லி, 'ஓகே ஓகே' என்று பதில் வந்த பிறகுதான் கட்டினேன்.

சந்தை பத்து நிமிஷத்தில் முடிந்தது. உரல் இருந்தது, நல்ல கருங்கல் உரல்தான். அதில் நாலு மிளகாயும் ஒரு துண்டு எலுமிச்சைப்புல்லும் போட்டு இடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு கரண்டி விழுது வைத்தார்கள்.

"ஏண்டா, கருவாட்டு வாடை அடிக்குதே?" என்றார் அம்மா.

டப்பாவைத் திருப்பி, போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'கபி', அதாவது இறால் விழுது. கேட்டால் வகுப்பு நடத்திய பெண் "நோ மீட், நோ மீட்" என்று சிரிக்கிறார். தாய் கறி விழுதில் கபி சேர்ப்பது வழக்கம்தான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, சைவம் என்று சொல்லிக் காசு வாங்கினீர்களே, அதற்கென்ன பதில்?

சமையலாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, அதில் விழுதை வாசனை வரும்வரை வதக்க வேண்டும். இங்கே எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவிட்டார்கள். பாட் தாய் நூடுல்ஸுக்குப் புளிக்குப் பதில் கெட்சப்!

சைவக்காரர்கள் அங்கே 'ஜே' என்று கேளுங்கள், மீன் சாஸ், முட்டை எதுவும் இருக்காது, பூண்டு வெங்காயமும் போடமாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். 'மங்சவிரத்' (சைவம்) என்று கேட்டால் முட்டை வரலாம், "மை சை நாம் ப்லா, மை சை கபி" (மீன் சாஸ் போடாதீர்கள், இறால் விழுது போடாதீர்கள்) என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விழுதை முழுக்க நாங்களே இடிப்போமா, டப்பாவா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஆளுக்கு ஒரு செய்முறைப் புத்தகத்தைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். பச்சைக் கறிப் பக்கத்தில் முதல் வரியே, 'கறி விழுது, 2 கரண்டி'.