ஊர்ச் சேனல் இல்லாத கேபிள்: 2 ஸ்டார்

படம் தெளிவாக வருகிறது, பாக்ஸும் மக்கர் பண்ணவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் தனித்தனியாக இருந்த கேபிள்காரர்களின் இணைப்புகளை எல்லாம் ஒரே ஆள் வாங்கிய பிறகு, தேரோட்டம் நேரலை, கண்ணீர் அஞ்சலி, தண்ணீர் வராத நாள் அறிவிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த உள்ளூர் சேனல் போய், இப்போது நாள் முழுக்கப் பழைய பாட்டுதான். கேட்டால் "வேற யார்கிட்ட வாங்குவீங்க?" என்கிறார்கள். அந்தத் தைரியம்தான் கோபத்தைக் கிளப்புகிறது.

இப்படி எல்லாம் ஒரே கையில் சேர்வது புதிதல்ல. சென்னையில் கொடிகட்டிப் பறந்த சுமங்கலி கேபிள் விஷன், சேனல்களும் நடத்தும் சன் குழுமத்துடையது. 2011இல் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததும் அங்குள்ள மக்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது. சேனலும் வயரும் ஒரே கையில் இருந்தால் நாம் எதைப் பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். சரி, இணைப்பு எடுக்கும் முன் ஊர்ச் செய்தி வருமா என்று கேட்டுவிடுங்கள்.